உலோகப் படலமும் ஒரு தாலிகட்டும்

பதுளையில் லேசர் என்ற சொல்லை மேடையேற்றிய முதல் மனிதர் தாம்தான் என்று கனகசபை மாஸ்டர் நம்பினார். மறுத்துப் பேச யாரும் வராதபடியால் அது நிரூபிக்கப்பட்டுவிட்டதாகவும் எடுத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்திலிருந்து விஞ்ஞான ஆசிரியராக வந்து, பதுளையிலேயே வீடு கட்டி, ஓய்வுபெறும் தறுவாயில் மூன்று மாதம் தற்காலிகமாகப் பதில் பிரதிக் கல்விப் பணிப்பாளராக இருந்தவர். அந்த மூன்று மாதத்தில் அவர் என்ன செய்தார் என்பது எவருக்கும் நினைவில்லை. ஆனால் அவர் மட்டும் அந்த நாற்காலியை விட்டு இன்னும் இறங்கவில்லை. ‘பதில்’ என்ற சொல் காலப்போக்கில் சத்தமில்லாமல் உதிர்ந்துபோயிருந்தது.

அது 2003ஆம் ஆண்டு. சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, வெளிநாட்டு மாப்பிள்ளைமார் விமானத்தில் வந்திறங்கித் தாலி கட்டிவிட்டு அடுத்த விமானத்தில் ஏறிய காலம். கனகசபையாரின் ஒரே மகள் மயூரிக்கும் அப்படித்தான் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கிஷாந்தன் ரொறொன்ரோவுக்குத் திரும்பிவிட்டான். மயூரி தெமோதரைப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு விசாவுக்குக் காத்திருந்தாள்.

கொழும்பில் நேர்முகத்துக்கு நாள் குறித்து அறிவித்தல் வந்ததும் கிஷாந்தன் தொலைபேசியில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

“வீடியோவைக் கட்டாயம் கொண்டு போங்கோ, மாமா. என்ர சினேகிதன்ரை மனிசி வெறும் படத்தை மட்டும் காட்டினவ. உது ஸ்டூடியோவில எடுத்த படம், கலியாணம் நடந்ததுக்குச் சாட்சி இல்லை எண்டு திருப்பி அனுப்பிட்டாங்கள். ஒரு வருஷமாப் பிரிஞ்சு இருக்கினம்.”

“நீர் ஒண்டுக்கும் யோசியாதையும், தம்பி,” என்றார் கனகசபையார். “உங்கட கலியாணம் நூறு வருஷத்துக்கு அழியாத ஊடகத்தில இருக்குது.”

அந்த ஊடகத்தை அவர் ‘இறுவட்டு’ என்பார். ஊர் ‘சீடி’ என்றது.

கல்யாணத்தைப் படம் பிடித்தவன் சுபாஸ். பூனாகலைத் தோட்டத்துப் பையன். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை எடுத்து, வீடியோவும் சீடியும் செய்துகொடுத்து வந்தான். வீடியோ நாடாவில் இருந்த கல்யாணத்தை முதன்முறை சீடியில் இறக்கி அவன் கொடுத்தபோது கனகசபையார் வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். மணவறை, மேளம், தாலிகட்டு, அறுகரிசி எல்லாம் குறைவின்றி வந்தன. கடைசியில் கனகசபையார் ஒலிவாங்கியின் முன் வந்து நின்று, தொண்டையைச் செருமி, “பேரன்பும் பெருமதிப்பும்” என்றார். திரை நீலமாகிவிட்டது.

மறுநாள் காலையிலேயே மாஸ்டர் கடையில் நின்றார்.

“தம்பி, இது என்ன?”

“ஒரு சீடில எம்பது நிமிஷந்தான் சேர் புடிக்கும். அதுக்கு மேல ஏறாது. வேணும்னா உங்க பேச்ச ரெண்டாவது சீடில தனியா போட்டுத் தாரேன்.”

கனகசபையார் யோசித்தார். தம் பேச்சு தனியாக ஒரு சீடியில் இருந்தால் அதை யாரும் பெட்டிக்குள் போடமாட்டார்கள் என்ற உண்மை அவருக்கு உள்ளூரத் தெரிந்திருந்தது. தாலிகட்டோடு சேர்த்துக் கட்டிவைத்தால்தான் கேட்பார்கள்.

“ஒரு கலியாணத்துக்கு ஒரு இறுவட்டுத்தான். மற்றதுகளைக் குறையும்.”

“எதக் கொறைக்கிறது சேர்?”

“அந்த மேளம் எதுக்கு அவ்வளவு நேரம்? பொம்பிளையள் சும்மா வந்து போகினம், அதை வெட்டும். தாலிகட்டையும் மூண்டு பக்கத்தில இருந்து எதுக்கு? ஒருக்காக் காட்டினாக் காணும். என்ர பேச்சில மட்டும் கை வையாதையும். இந்தப் பழுதானதை எங்கையாவது வீசும்.”

இப்படியாக இரண்டாவது சீடியில் தாலிகட்டு மின்னல் வெட்டியதுபோல வந்து போயிற்று. மாமனாரின் வரவேற்புரை முழுதாக ஓடிற்று. மயூரி அதைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். மனைவி யோகமலர்தான், “கலியாணத்துக்கு வந்த மாதிரி இல்லை, உங்கட கூட்டத்துக்கு வந்த மாதிரி இருக்கு,” என்றாள்.

“இன்னொரு காப்பி அடிச்சு வச்சுக்கலாமா சேர்?” என்று சீடியைக் கொடுத்தபோதே சுபாஸ் கேட்டிருந்தான்.

“நூறு வருஷம் நிக்கிற சாமானுக்கு இரண்டாவது எதுக்கு, தம்பி? நாடாவும் இனித் தேவையில்லை. அதில என்ர விரிவுரையைப் பதியும்.”

அந்த விரிவுரைதான் ‘உலோகப் படலமும் லேசர் கதிரும்’. பொது நூலக மண்டபத்தில் நடந்தது. முன்வரிசை நிரம்பவில்லையென்று காவலாளியையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். ஓர் ஆங்கிலச் சஞ்சிகையிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான் என்றாலும் விஷயம் சரியானதே. ஆரம்ப காலத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் மெல்லிய உலோகப் படலத்திலேயே லேசரால் நேரே துளையிட்டு எழுதிப் பார்த்த கதையில் தொடங்கி, கடையில் விற்கும் சீடிவரை வந்தார். உச்சக்கட்டத்தில் ஒரு சீடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“அடியில் மினுங்குவது வெறும் பிளாஸ்டிக்! நாம் பெயர் எழுதும் மேற்பக்கத்தில்தான், தலைமயிரின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்பில், உலோகப் படலம் இருக்கிறது. படலத்தின் மடியில் சாயம். சாயத்தில் லேசர் சுட்ட தழும்புகளே எம் தகவல். படலம் போனால் பார்வை போயிற்று!”

இந்த இடத்தில் கைதட்டலுக்காக நிறுத்துவார். நூலகத்தில் நிறுத்தியபோது காவலாளி எழுந்து போய்விட்டான். வீட்டில் ஒரு மாதமாக ஒத்திகை பார்த்ததில், குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த யோகமலருக்கு அது சஷ்டி கவசம்போல மனப்பாடமாகியிருந்தது.

கல்யாணச் சீடிக்கு ஒரு முகப்பும் வேண்டுமே. கனகசபையார் சோசர் ஒன்றைக் கவிழ்த்துக் கோடு கீறி, வட்டமாகக் காகிதம் வெட்டி, நடுவில் ஓட்டையும் போட்டார். ஓட்டைக்கு மேலே கோட்டுப் போட்ட அவரது படம். படத்தைச் சுற்றி: ‘விஞ்ஞான வித்தகர், சமூக ஜோதி, ஓய்வுநிலைப் பிரதிக் கல்விப் பணிப்பாளர், சமாதான நீதவான் (பரிந்துரைக்கப்பட்டவர்) க. கனகசபை அவர்களின் புதல்வியின் திருமணம்.’ மிச்சமிருந்த விளிம்பில் எறும்பு ஊர்வதுபோல ‘மயூரி – கிஷாந்தன்’. ஆணியே தேவையில்லை என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு பசையை வாங்கி அதைச் சீடியின் தலையில் ஒட்டி, மேலே அரிசிச் சுளகை வைத்து அமுக்கினார். விரிவுரைச் சீடிகளுக்கும் அதே முகப்புத்தான், திருமணம் மட்டும் இல்லை. அவற்றைக் கண்டவர்களுக்கெல்லாம் கொடுத்துமுடித்து, யாராவது முக்கியஸ்தரைச் சந்தித்தால் ஆகும் என்று ஒன்றை மட்டும் எப்போதும் தோல்பையில் வைத்திருந்தார்.

நேர்முகத்துக்கு முந்திய வாரம் ஒரு சனிக்கிழமை, அரசாங்க முத்திரையோடு கடிதம் வந்தது. கனகசபை சமாதான நீதவான் என்ற கௌரவப் பதவிக்கு நியமிக்கப்பட்டுவிட்டார்.

வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னார். யோகமலர் புட்டுத்தான் அவித்தாள். அடுப்பில் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தபோதுதான் மாஸ்டரின் மூளையில் அந்த அடைப்புக்குறி உறுத்தியது. ‘(பரிந்துரைக்கப்பட்டவர்).’ கொழும்பில் இருக்கிற வெள்ளைக்கார அதிகாரி சீடியைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்ப்பான்? முகப்பைத்தான். மொழிபெயர்ப்பாளரிடம் இது என்னவென்று கேட்பான். இவர் இன்னும் ஆகவில்லை, யாரோ சிபாரிசு செய்திருக்கிறார்கள் என்று அந்த ஆள் சொல்லுவான். சிபாரிசில் வந்த மனிதரின் மகளுக்கு எப்படி விசா கொடுப்பான்?

இதற்கு மேல் மகளின் வாழ்க்கையோடு விளையாட அவர் தயாராக இல்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். கல்வித் திணைக்களத்தில் பழைய கடித உறைகளை எறிவதில்லை. முகவரியின் மேல் ஒரு சீட்டை ஒட்டித் திரும்ப அனுப்புவார்கள். அதைப் பெற்றவர் சீட்டை உரித்துவிட்டு இன்னொன்றை ஒட்டுவார். ஆவியில் காட்டி, நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, உறை கிழியாமல் சீட்டை ஒரே இழுப்பில் உரிப்பதில் கனகசபையாரை மிஞ்ச ஊவா மாகாணத்தில் ஆள் இல்லை. முப்பது வருட அரசாங்க சேவையில் அவர் உண்மையிலேயே கைவரப்பெற்ற தொழில் அது ஒன்றுதான்.

“யோகம், உந்த நீத்துப்பெட்டியை ஒருக்கா இறக்கும்.”

“புட்டு இன்னும் அவியேல்லை.”

“விசாவை விடப் புட்டோ பெரிசு?”

யோகமலர் புட்டுப் பெட்டியை இறக்கிவைத்தாள். அவர் சீடியின் மினுங்கும் அடிப்பக்கத்தைப் புதுக் கைலேஞ்சித் துணியால் பக்குவமாக மூடிக்கொண்டார். விரல் ரேகைகூடப் பட்டுவிடக் கூடாதல்லவா? மேற்பக்கத்தை ஆவியில் பிடித்தார். காகிதம் நனைந்து பொங்கியது. மூலையே இல்லாத வட்டத்தில் நகத்தால் ஒரு மூலையைக் கண்டுபிடித்து, திணைக்களமே எழுந்து நின்று பார்க்கிற பாவனையில், ஒரே இழுப்பு.

முகப்பு முழுசாக வந்தது. ஒரு கிழிசல் இல்லை.

“பாத்தீரோ!” என்று சீடியைத் தூக்கிப் பிடித்தார்.

பார்த்தாள். சீடிக்கு ஊடாக யோகமலரின் முகம் அவருக்கும் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் அடுப்பும், அடுப்புக்குப் பின்னால் சுவரில் தொங்கிய அகப்பையும் தெளிவாகத் தெரிந்தன. கையில் இருந்தது கண்ணாடித் தட்டு. மினுக்கம் எங்கே போயிற்று என்று தேடி, மற்றக் கையிலிருந்த முகப்பைத் திருப்பிப் பார்த்தார். விஞ்ஞான வித்தகரின் முதுகில் வெள்ளி வெள்ளியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

யோகமலர் நீத்துப்பெட்டியைத் திரும்பப் பானையில் வைத்தாள்.

“மேற்பக்கத்திலைதான் படலம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்,” என்றாள் யோகமலர் மெதுவாக. “தலைமயிரின்ரை ஆயிரத்தில ஒரு பங்கு. படலம் போனால் பார்வை போயிற்று.”

வாழ்க்கையிலேயே அவருடைய விரிவுரையை ஒருவர் முழுதாக உள்வாங்கியிருக்கிறார் என்பதற்கு அதுதான் முதல் அத்தாட்சி. அதை ரசிக்கிற நிலையில் அவர் இல்லை.

சத்தம் கேட்டு மயூரி குசினிக்கு வந்தாள். கண்ணாடித் தட்டைப் பார்த்தாள். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு நடுவழியில் பாதை மாறிவிட்டது.

“அப்பா, என்ர கலியாணம் உங்கட பட்டத்தோட உரிஞ்சு வந்திட்டுது.”

“இல்லைப் பிள்ளை… நாடா இருக்கு—”

“நாடாவில உங்கட விரிவுரை இருக்கு.”

மகள் சுவரோரமாக உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். கிஷாந்தனின் சினேகிதனுடைய மனைவி, ஒரு வருடம், பிரிந்து இருக்கிறார்கள் என்பதெல்லாம் கனகசபையாரின் காதில் திரும்ப ஒலித்தது. சட்டைப்பையிலிருந்த நியமனக் கடிதத்தை எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் சீனிப் போத்தலுக்குக் கீழே செருகினார்.

அரைமணி நேரத்தில் மூவரும் சுபாசின் கடையில் நின்றார்கள்.

“உம்மடை கம்பியூட்டரில இருக்குமே, தம்பி?” மாஸ்டரின் குரலில் பணிப்பாளர் இல்லை.

“எங்க சேர். இது சின்ன மெஷினு. ஒரு கல்யாணம் வந்தா இன்னொரு கல்யாணத்த அழிச்சாத்தான் எடம் கெடைக்கும். உங்களோடதுக்கு மேல ஆறு கல்யாணமும் ஒரு சாமத்தியச் சடங்கும் ஏறிருச்சு.” சுபாஸ் கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “இப்புடி உரியும்னு எனக்கே தெரியாது சேர். நானும் நெறையப் பேருக்கு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்திருக்கேன்.” அந்த நிறையப் பேரையும் நினைத்து அவனுக்கு வியர்த்தது.

மயூரி வாசல் பக்கம் திரும்பிவிட்டாள். அப்போது சுபாஸ் தலையைச் சொறிந்தான்.

“சேர், அந்த மொதச் சீடி… உங்க பேச்சு பாதில நின்னுச்சுன்னு வீசச் சொன்னீங்களே?”

“வீசிட்டீரோ?”

“வீசல. அம்மா கேட்டுச்சு, குடுத்துட்டேன்.”

“அம்மா படம் பாக்கிறவவோ?”

“இல்ல சேர்.” சுபாஸ் கொஞ்சம் கூச்சப்பட்டான். “முருகனுக்குப் பின்னாடி வச்சிருக்கு.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. யோகமலர் வீட்டில் நின்றுவிட, மாஸ்டரும் மயூரியும் சுபாசும் பண்டாரவளை வந்து பூனாகலை பஸ் ஏறினார்கள். சமாதான நீதவான் கழுத்துப்பட்டி கட்டி, தோல்பையும் குடையும் எடுத்திருந்தார். கழுத்துப்பட்டி எதற்கென்று மயூரி கேட்கவில்லை. தோட்டத்தில் இறங்கியதும் மூடுபனி அதை நனைத்துக் கயிறாக்கிவிட்டது. தேயிலைக்கு நடுவே இறங்கிய படியில் அவர் ஒருமுறை சறுக்கினார். சுபாஸ் அவரைப் பிடித்தான். அவர் தோல்பையைப் பிடித்தார்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில் சுபாசின் தாய் இராக்கம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கழுத்துப்பட்டியோடு ஒருவர் வருவதைக் கண்டு எழுந்தாள்.

“வாங்கையா, வாங்க. ஏன்டா சுபாசு, பெரியவங்கள இப்புடிச் சேத்துல நடத்திக் கூட்டியாந்திருக்க? மொதல்லயே சொல்லப்படாதா? உக்காருங்கையா. நீ வா தாயி.”

உள்ளே சுவரில், பிளாஸ்டிக் மாலைக்கு நடுவில், மயிலோடும் வேலோடும் கதிர்காமத்து முருகன் நின்றார். அவர் தலைக்குப் பின்னால் பாதி மறைந்து, விளக்கு வெளிச்சத்தில் ஏழு நிறமும் காட்டிச் சுழன்றது மயூரியின் கல்யாணம். விளிம்பில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது.

கனகசபையார் கிட்டப் போய் எட்டிப் பார்த்தார். “அம்மா, அதைச் சுவரில என்னெண்டு பிடிச்சு வச்சிருக்கிறியள்? பசை போட்டு ஒட்டினீங்களோ?”

“சாமிக்குப் பசையா?” இராக்கம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “ஆணி அடிச்சிருக்கேன். ஆணிக்குத்தான நடுவுல ஓட்ட விட்டிருக்கான்?”

மாஸ்டர் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார். அந்த ஓட்டையின் உண்மையான பயனை விளக்க அவருக்கு ஆசை வந்தது. இருந்தாலும் முதலில் காரியத்தைச் சொன்னார், அதைத் திரும்பத் தரவேண்டும் என்று.

“அதெப்படிங்கையா? சாமிக்குக் குடுத்தத திருப்பி எடுக்கப்படாது.”

பக்கத்துக் காம்பரா கருப்பம்மா இதற்குள் வாசலில் வந்து நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால் லயமே வந்துகொண்டிருந்தது. “ஆமாங்கையா, அத வச்சதுக்கப்புறந்தான் இந்த இராக்கம்மாவுக்கு முழங்கா வலி நின்னுச்சு. எங்கூட்டுக் கோழிகூட ஒழுங்கா முட்ட போடுது.”

“அம்மா, இது வெறும் பிளாஸ்டிக்,” என்று கனகசபையார் தொடங்கினார். கை தானாக மேலெழுந்தது. “இதன் மேற்பக்கத்தில், தலைமயிரின் ஆயிரத்தில் ஒரு பங்கு—”

“அப்பா, கொஞ்சம் பேசாம இருங்கோ.” மயூரி இராக்கம்மாவின் கையைப் பிடித்தாள். “அம்மா, அதுக்குள்ள என்ர கலியாணம் இருக்கு. என்ர மனிசன் தாலி கட்டினது. வேற ஒண்டிலையும் இல்லை. அதைக் காட்டினால்தான் என்னை அவரிட்டை விடுவினம்.”

இராக்கம்மா மகன் பக்கம் திரும்பினாள்.

“எலே! ஒரு பொண்ணோட தாலிக்கட்டயா சாமிக்குப் பின்னாடி வைக்கக் குடுத்த? எங்கிட்டச் சொன்னியா நீ?”

“நீதான பளபளன்னு இருக்கு, குடுடான்னு கேட்ட?”

“கேட்டா? உள்ள என்னா இருக்குன்னு சொல்றதில்லயா? தாலி இருக்க வேண்டியது புருசங்கிட்ட. முருகன் என்னா, ரெண்டு பொண்டாட்டிய வச்சுச் சமாளிக்கிறது போதாதுன்னு இன்னொரு தாலியுமா கேட்டாரு?” கருப்பம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “எடுத்துக்க தாயி. ஆனா ஐயா, சாமிய இப்புடி மொட்டையா விடமுடியாது. ஞாயித்துக்கெழமயும் அதுவுமா. இதுக்கு ஈடா ஒண்ணு வைக்கணும்.”

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். மயூரி தோல்பையைப் பார்த்தாள்.

“அது முக்கியஸ்தருக்கு எண்டு வச்சிருக்கிறன்,” என்றார் அவர்.

“முருகனை விட முக்கியஸ்தர் ஆர் அப்பா?”

மாஸ்டர் பையைத் திறந்து விரிவுரைச் சீடியை எடுத்துக் கொடுத்தார். இராக்கம்மா மினுங்கும் பக்கத்தைப் பார்த்துத் திருப்தியானாள். திருப்பினாள். கோட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது நீங்களாங்கையா? நல்லாத்தான் இருக்கீங்க.” நகத்தை விளிம்பில் வைத்தாள். “இந்தக் காயிதத்த மட்டும் உரிச்சிரவா?”

“வேண்டாம்!” என்று மூன்று குரல்கள் ஒன்றாக அலறின. கோழி ஒன்று பயந்து வெளியே ஓடியது.

“சரி, சரி. அப்ப இந்தப் பக்கம் செவத்தப் பாக்கட்டும்.”

ஆணியில் சீடி மாறியது. பழையதைச் சுபாஸ் சவர்க்கார நீரில் கழுவி, தன் சட்டையில் துடைத்தான். அது ஓடுமா என்று கொழும்பில் போய்ப் பார்க்க எவருக்கும் நெஞ்சில் உரமில்லை. கருப்பம்மாவின் மகன் கொழும்பிலிருந்து வாங்கி அனுப்பிய, சீடி போட்டுப் பார்க்கும் பெட்டி ஒன்று அவள் காம்பராவில் இருந்தது. லயம் முழுவதும் அங்கே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தது. இடம் போதாமல் பிள்ளைகள் யன்னலில் தொங்கின. அடுப்பங்கரையிலும் ஆள். கனகசபையார் தம் எந்த விரிவுரையிலும் இவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததில்லை. அதைக் கவனிக்காமலும் இல்லை.

பெட்டி சீடியை விழுங்கி, முனகி, யோசித்தது. மயூரி கண்ணை மூடிக்கொண்டாள். மேளம் கேட்டது.

ஓடியது. குங்குமம் பட்ட இடத்தில் ஐயர் கொஞ்சம் சதுரம் சதுரமாக உடைந்தார், பிறகு சேர்ந்துகொண்டார். மாப்பிள்ளை தாலியை எடுத்தான். மூன்று பக்கத்திலிருந்தும், நிதானமாக, ஒவ்வொரு முடிச்சாகக் கட்டினான். அவன் கை நடுங்குவதுகூடத் தெரிந்தது. இராக்கம்மா உட்பட நாலைந்து பெண்கள் குலவை போட்டார்கள்.

“மாப்புள்ள நல்லாப் பயப்புடுறாரு,” என்றாள் கருப்பம்மா. “பொழச்சுக்குவாரு.”

மயூரி அழுதுகொண்டு சிரித்தாள். கனகசபையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தத் தாலிகட்டைத்தான் மேளத்தோடு சேர்த்து வெட்டச் சொன்னோம் என்பது ஒரு கணம் அவருக்கு உறைத்தது. அந்தக் கணம் நீடிப்பதற்குள் திரையில் அவரே வந்துவிட்டார். கோட்டைச் சரிசெய்தார். தாளை விரித்தார். தொண்டையைச் செருமினார். காம்பராவில் எல்லோரும் திரையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“பேரன்பும் பெருமதிப்பும்,” என்றது திரை. நீலமாயிற்று.

“அடடா, சரியான எடத்துல முடிஞ்சிருச்சு,” என்றார் அடுப்பங்கரையில் இருந்த ஒருவர், கள்ளங்கபடம் இல்லாமல். கூட்டம் எழத் தொடங்கியது.

கனகசபையார் பதறிப்போனார். இத்தனை பேர். இப்படியொரு சபை. “இருங்கோ, இருங்கோ! பேச்சு இல்லாட்டியும் என்ர விரிவுரை இருக்குது. இதே விஷயந்தான், இந்தப் படலம் எப்பிடி வேலை செய்யுது எண்டு. நல்ல பிரயோசனம். இராக்கம்மா, அந்தச் சீடியை ஒருக்காக் கழட்டித் தாங்கோ!” அவசரத்தில் இறுவட்டு சீடியாகிவிட்டது.

இராக்கம்மா இடுப்பில் கைவைத்தாள்.

“சாமிக்குக் குடுத்தத திருப்பி எடுக்கப்படாதுங்கையா.”

அந்த வாரம் மயூரி கொழும்புக்குப் போனாள். சீடிக்கு முகப்பு இல்லை. பெயர்கூட எழுதவில்லை. எழுதுகோலை அதன் கிட்டக் கொண்டுபோகவும் யோகமலர் யாரையும் விடவில்லை. நேர்முகத்தன்று கனகசபையார் காலையிலிருந்து தொலைபேசியின் பக்கத்திலேயே கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் பாய்ந்து எடுத்தார்.

“பிள்ளை! என்ன மாதிரி?”

“தாலி கட்டினதை அதிகாரி வடிவாப் பாத்தவர், அப்பா. பிறகு, கடைசியிலை மைக்குக்கு முன்னால வந்து நிக்கிற கோட்டுக்காரர் ஆர் எண்டு கேட்டவர்.”

கனகசபையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நீர் என்ன சொன்னனீர்?”

“என்ர அப்பா எண்டன். இவர் என்ன பேசினவர் எண்டு கேட்டார். பேச்சு நீளம், சீடியிலை இடம் காணேல்லை எண்டு சொன்னன். அந்தாள் விழுந்து விழுந்து சிரிச்சு, தன்ரை மாமனாரும் உப்பிடித்தானாம் எண்டு சொல்லி, பைலை மூடிட்டுது. விசா வருமாம்.”

கனகசபையார் தொலைபேசியைப் பக்குவமாக வைத்தார். குசினியிலிருந்து ஈரக் கையோடு யோகமலர் ஓடி வந்தாள்.

“என்னவாம்? சொல்லுங்கோவன்!”

“விசா சரி,” என்றார் அவர். கழுத்துப்பட்டி இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டார். “வெள்ளைக்காரன் என்ர பேச்சைப் பற்றி விசாரிச்சவனாம்.”